பழைய பிக்கப்பின் அங்க அடையாளம்

கடலூர் துறைமுகத்தில் மீன் ஏற்றி ஓடிய 2009 மாடல் டாடா 207 ஒன்றை என் மச்சான் விலை பேசியிருந்தார். எஞ்சின் சத்தம் சுத்தம், டயர் புதுசு, ஆர்சி புக் கையில். முன்பணத்தை எண்ணும் நேரத்தில் உடன் வந்த மெக்கானிக் அண்ணன் கேட்டார்: "சேஸ் நம்பரைப் பாத்தாச்சா தம்பி?" பார்க்கவில்லை. எங்கே பார்ப்பது என்றே எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

பிக்கப்பில் எஞ்சினை மாற்றலாம், கேபினை மாற்றலாம், பின்னால் இருக்கும் தொட்டியைப் புதிதாகவே கட்டலாம். இவ்வளவையும் தாங்கி நிற்கும் இரண்டு நீள இரும்புச் சட்டங்கள்தான் வண்டி. அதனால்தான் தயாரிப்பாளர் எண்ணைச் சேஸிலேயே பஞ்ச் அடிக்கிறார். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 122-ஆவது விதி இதைக் கட்டாயமாக்குகிறது. கேபினுக்குள் ரிவெட் அடித்த தகட்டிலும் அதே எண் இருக்கும். ஆனால் கேபின் மாறினால் தகடும் போய்விடும். தகட்டை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்.

தேடும் இடத்துக்கு ஒரு கணக்கு உண்டு. வண்டியின் வலது பக்கம், முடிந்தவரை முன்பாதி என்பது சர்வதேசத் தரவிதி. நம் ஊரில் அது டிரைவர் பக்கம். வலது முன்சக்கரத்தை ஒட்டிய சேஸ் பகுதியில் தொடங்கி, சட்டத்தின் வெளிப்புறத்தை அங்குலம் அங்குலமாகப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுக்க ஒடித்து வைத்தால் கண்ணுக்கும் கைக்கும் இடம் கிடைக்கும்.

அண்ணன் அப்படித்தான் செய்தார். கம்பி பிரஷ்ஷால் சேற்றை உதிர்த்தார், டீசலில் நனைத்த வேஸ்ட் துணியால் துடைத்தார், பிறகு உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தார். கிரைண்டரைத் தொடவே இல்லை. அது பெயின்டோடு எண்ணையும் தின்றுவிடும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். வெறும் துருவாகத் தெரிந்த இடத்தில், பள்ளங்களில் நிழல் விழுந்து எண்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. மெல்லிய தாளை ஒட்டி வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்ததும் சேஸ் பிரிண்ட் கிடைத்துவிட்டது.

மொத்தம் 17 இலக்கங்கள். இன்னும் பழைய வண்டிகளில் இதைவிடக் குறைவாக இருப்பதுண்டு. முதல் மூன்று இடங்கள் தயாரிப்பாளரைச் சொல்லும்: 'எம்ஏடி' என்றால் டாடா, 'எம்ஏ1' என்றால் மகிந்திரா. பெரும்பாலான வண்டிகளில் 10-ஆவது இடம் ஆண்டு. '1' என்றால் 2001, '9' என்றால் 2009. அதற்கு அடுத்த ஆண்டு 'ஏ' என்று எழுத்துக்கு மாறும். விற்பவர் சொல்லும் மாடலும் இந்த இடமும் ஒத்துப்போகிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம். ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று எழுத்துகளும் 17 இலக்க எண்ணில் வரவே வராது. ஆகவே வட்டமாகத் தெரிவதை ஓ என்று படிக்க வேண்டாம், அது பூஜ்யம்.

மீன் வண்டிகளுக்குத் தனிக் கவனம் தேவை. ஐஸ் உருகி வழியும் உப்புத் தண்ணீர் நேராகச் சேஸில்தான் இறங்குகிறது. துரு பாளம் பாளமாக உரியும்போது எண்ணும் சேர்ந்து உரிந்துவிடும். 8 ஆண்டு தாண்டிய சரக்கு வண்டி ஆண்டுதோறும் எஃப்சிக்குப் போக வேண்டும். எண் தெரியாவிட்டால் பிரேக் இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பிவிடுவார். அந்தப் பயத்தில் பட்டறையிலேயே புதிதாகப் பஞ்ச் அடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். ஆர்டிஓவிடம் எழுதிக் கொடுத்து, அனுமதியோடு செய்ய வேண்டிய வேலை அது. இல்லையென்றால் உங்கள் சொந்த வண்டியே திருட்டு வண்டி போல நிற்கும். மேலே தேய்த்து அழித்தாலும், பஞ்ச் விழுந்த இடத்துக்கு அடியில் இரும்பு நசுங்கியே இருக்கும். தடயவியல் நிபுணர்கள் அமிலக் கரைசலைத் தடவிப் பழைய எண்ணை மேலே கொண்டுவந்துவிடுவார்கள்.

பிரிண்டையும் ஆர்சி புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரல் வைத்து ஒவ்வொரு இலக்கமாகப் படித்தோம். கடைசி ஐந்தில் ஓர் இடம் இடித்தது. இரும்பில் '5', புத்தகத்தில் 'எஸ்'. என்றோ யாரோ தவறாகப் படித்துப் பதிந்த எண். இணையத்தில் வாகனப் பதிவுச் சேவைகள் கேட்பதும் அந்தக் கடைசி ஐந்து இலக்கங்களைத்தான். பெயர் மாற்றத்துக்குப் போனால் அங்கேயே நின்றிருப்போம். விற்பவரும் நல்ல மனிதர், அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. திருத்தம் செய்து புத்தகம் வந்த பிறகு முன்பணம் என்று பேசி, மச்சான் பணத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.