எருக்கஞ்செடியில் ஓர் அதிசயம்!

எருக்கஞ்செடிக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. ஏரிக்கரையிலும் பாழ்நிலத்திலும் அது தானாக முளைக்கும். மாடு அதைச் சீந்தாது. பிள்ளையார் சதுர்த்தி அன்று மட்டும் அதன் பூவுக்கு மவுசு!

ஆனால், ஓர் உயிருக்கு அந்தச் செடிதான் சோறு. அதுதான் தொட்டில்!

அந்த உயிர் எது? வெந்தய வரியன் என்ற வண்ணத்துப் பூச்சி!

குடவோலைத் தேர்தலைப் பற்றிய சோழர் காலக் கல்வெட்டுகளால் (கி.பி. 919, 921) புகழ் பெற்ற ஊர் உத்திரமேரூர். காஞ்சீபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்து ஏரிக்கரை எருக்கஞ்செடிகளில் இந்தப் பூச்சியைத் தேடலாம். இறகு ஆரஞ்சு நிறம். முன் இறகின் நுனி கருப்பு. அதில் வெள்ளைப் பட்டை.

எகிப்து நாட்டில் சுமார் 3,400 ஆண்டுகளுக்கு முன், நெபாமுன் என்பவரின் கல்லறைச் சுவரில் ஓவியம் தீட்டினார்கள். அந்த ஓவியத்திலும் இதே பூச்சி பறக்கிறது!

அமெரிக்காவில் உள்ள "மோனார்க்" வண்ணத்துப் பூச்சி இதற்குச் சொந்தம். குளிர் வந்தால் அது கனடாவிலிருந்து மெக்சிகோ வரை ஆயிரக்கணக்கான மைல் பறக்கும்! எருக்கு இனத்துப் பால்செடிகள்தான் அதன் புழுவுக்கும் உணவு.

நஞ்சே காவல்!

எருக்கம்பாலில் நஞ்சு உண்டு. புழு அதற்குப் பயப்படுவதில்லை. இலை நரம்பைக் கடித்துப் பாலை வடிய விடும். பிறகு இலையைத் தின்னும். நஞ்சு அதன் உடம்பில் தங்கும். வண்ணத்துப் பூச்சி ஆன பிறகும் போகாது. தெரியாமல் கொத்திய பறவை கசப்புத் தாங்காமல் துப்பிவிடும். மறுபடி அந்த நிறத்தின் பக்கமே போகாது!

வளர்ப்பது எப்படி?

எருக்கிலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஊசிமுனை போல வெள்ளை முட்டை ஒன்று ஒட்டியிருக்கும். அந்தக் கிளையை அப்படியே வெட்டி, தண்ணீர் உள்ள புட்டியில் வையுங்கள். புட்டியின் வாயைப் பஞ்சால் அடையுங்கள். இல்லாவிட்டால் புழு தண்ணீரில் விழுந்து செத்துவிடும். கிளையைச் சுற்றிக் கொசுவலைத் துணி கட்டுங்கள்.

சில நாளில் புழு வெளிவரும். முதல் சாப்பாடு, தன் முட்டை ஓடு! பிறகு ஓயாமல் இலை தின்னும். நான்கு முறை தோல் உரிக்கும். உடம்பெல்லாம் கருப்பு, வெள்ளை, மஞ்சள் வரி. முதுகில் ஆறு கருப்புக் கொம்பு!

வளர்ந்த புழு தலைகீழாகத் தொங்கும். கூட்டுப் புழு ஆகும். கூட்டின் நிறம் பச்சை அல்லது இளஞ்சிவப்பு. அதில் பொன் புள்ளிகள்! முட்டையிலிருந்து இறகு முளைக்கும் வரை மூன்று, நான்கு வாரம் ஆகும்.

வெளியே வந்ததும் பூச்சியைத் தொடாதீர்கள். இறகு ஈரமாகச் சுருங்கி இருக்கும். அது தொங்கி, இறகை விரித்து உலர்த்த வேண்டும். உலர்ந்த பிறகு வெயிலில் பறக்க விடுங்கள்.

எந்த இலை நல்லது?

இளசான, புதிய இலை நல்லது. பூச்சிமருந்து அடித்த வயலின் ஓரத்து இலை ஆகாது. ஒரே இலையில் புழு செத்துப் போகும். செடிப் பண்ணையில் வாங்கிய பால்செடியிலும் மருந்து அடித்திருக்கலாம். கேட்டு வாங்குங்கள்.

நாள்தோறும் புழுவின் எச்சத்தைத் துடைத்து எடுங்கள். ஒரே பெட்டியில் பல புழுக்களை அடைத்தால் நோய் பரவும். இரண்டு, மூன்று போதும்.

குழந்தைகள் கவனம்! எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பெரியவர்கள்தான் இலை பறிக்க வேண்டும். பறித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

ஒரு செடியை விடுங்கள்!

அமெரிக்காவில் சோள வயல்களில் களைக்கொல்லி அடித்தார்கள். பால்செடிகள் அழிந்தன. மோனார்க் கூட்டம் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நம் ஊரிலும் எருக்கைக் களை என்று வெட்டுகிறார்கள். வரிப்புழுவைக் கண்டால் நசுக்குகிறார்கள். அந்தப் புழு நெல்லைத் தொடாது. கத்தரியைத் தொடாது. எருக்கும் அதன் இனத்துச் செடிகளும் இருந்தால் போதும்.

பெட்டியில் பத்துப் புழு வளர்ப்பதைவிட, வேலியோரம் ஓர் எருக்கஞ்செடியை வெட்டாமல் விடுவது மேல். மற்றதைத் தாய்ப் பூச்சி பார்த்துக்கொள்ளும்!