சொல்தா பென்ஷன்

கடலோரத்து மனிதர்கள் – 12

ஜூலை 14, காலை. கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுப் போர் நினைவிடத்துக் கதவு திறந்திருக்கிறது. உயர்ந்த வெள்ளைத் தூண்களுக்கு நடுவே தலை குனிந்து நிற்கிறான் வெண்கலச் சிப்பாய். 1914–18 போரில் மாண்ட பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக 1938-இல் திறக்கப்பட்ட இடம் இது. வாசலில் ஒரு பெரியவர். வெளுத்த சட்டை, நடுங்கும் விரல்கள். பதக்கத்தின் நாடா சட்டையில் நிற்காமல் சரிந்துகொண்டே இருக்க, பேத்தி தன் தாவணி ஊக்கைக் கழற்றிக் குத்திவிடுகிறாள். பெரியவர் நிமிர்கிறார்.

இவரைப் போன்றவர்களைத்தான் புதுச்சேரி 'சொல்தா' என்கிறது. பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்தவர். "அவங்களுக்கென்ன, சொல்தா பென்ஷன் வருது" என்று பெருமூச்சு விடாத தெரு இங்கே குறைவு. அந்தப் பென்ஷனுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு ஒரு ஜோடி செருப்பில் தொடங்கியது.

1873. வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பியச் செருப்பு அணிந்து நீதிமன்றத்துக்குள் போனார். இந்தியருக்கு அது ஆகாது என்றது நீதிமன்றம். அவர் பாரிஸ் உயர் நீதிமன்றம்வரை வழக்காடி வென்றார். அதோடு விடவில்லை. சட்டம் ஒன்றாக இருந்தால்தான் மரியாதையும் ஒன்றாக இருக்கும் என்று இயக்கமே நடத்தினார். 1881 செப்டம்பர் 21-இல் வந்தது ஆணை: சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்பவர் ஒரு குடும்பப் பெயரும் சூட்டிக்கொள்ளலாம். பொன்னுத்தம்பி தேர்ந்துகொண்ட பெயர் 'லபோர்த்'. வாசல் என்று பொருள்.

அந்த வாசலில் நுழைந்தவர்களுக்கு 'ரெனோன்சான்', துறந்தவர், என்று பெயர். பெரும்பாலும் கிறிஸ்தவர்கள், அவர்களில் பலர் ஊர் ஒதுக்கிவைத்த சாதியினர். காகிதத்தில் கிடைத்த சமத்துவத்தை உடம்பால் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. பிரெஞ்சு ஆட்சியில் இது புதுச்சேரியின் கதை மட்டுமல்ல. 1914-இல் செனகலிலிருந்து பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குத் தேர்வான பிளேஸ் தியாஞ், எங்கள் மக்களையும் பிரெஞ்சுக்காரர்களாகவே படையில் சேருங்கள் என்று போராடி, 1915, 1916 சட்டங்களால் அவர்களின் குடியுரிமையை உறுதிசெய்தார். துப்பாக்கி ஏந்தியவனைக் குடிமகன் இல்லையென்று யார் சொல்ல முடியும்? புதுச்சேரிப் பிள்ளைகள் கப்பலேறியதற்குப் பிழைப்பும் காரணம், இந்த மானமும் காரணம்.

பிறகு இந்தோசீனா, அதன் பிறகு அல்ஜீரியா. 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. அதே நாளில்தான் அல்ஜீரியப் போர் வெடித்தது. பிறந்த ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய பிறகும், அந்தக் கொடியின் கீழ் வேறொரு மண்ணில் நின்றான் புதுச்சேரிச் சொல்தா. எதிரே நின்றவன் கேட்டதும் விடுதலைதான். அந்தப் பாரத்தை எந்தப் பென்ஷனும் இறக்கி வைக்காது.

1962 ஆகஸ்ட் 16-இல் இணைப்பு சட்டப்படி நிறைவேறியது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். சில ஆயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். இன்றும் பிரெஞ்சு அதிபர் தேர்தலில் புதுச்சேரியில் வரிசையில் நின்று வாக்களிப்பவர்கள் இவர்களும் இவர்கள் வழிவந்தவர்களும்தான். இவர்களை 'அந்நிய நாட்டுக் காசில் வாழ்பவர்கள்' என்று பேசுவது அநியாயம். வாங்குவது தானமல்ல, கொடுத்ததற்கு ஈடு. கொடுத்தது வயதும் ரத்தமும்.

நினைவிடத்தில் பிரெஞ்சு தேசிய கீதம் ஒலிக்கிறது. பெரியவரின் கை நெற்றிக்கு உயர்கிறது. அடுத்து 'ஜன கண மன'. உயர்ந்த கை இறங்கவில்லை. பேத்தி ஓரக்கண்ணால் அந்த ஊக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

(அடுத்த வாரம்: கீழூரில் அந்த ஒரு நாள்)