அறுவைச் சிகிச்சைக்கு முன் ஒரு மலை ஓட்டம்

உத்தியோகத்தின் பொருட்டுப் புனே நகரில் குடியேறிய தமிழர்களுள் நாங்கள் ஐவர், ஞாயிற்றுக்கிழமைதோறும் விடியற்காலையில் வேதாள் டேக்டியில் ஓடுவதை வழக்கமாகக் கொண்டிருக்கிறோம். டேக்டி என்றால் மராத்தியில் குன்று. ஊர் நடுவே இப்படி ஒரு குன்று இருப்பது, சொந்த மண்ணை விட்டு வந்தவர்களுக்கு எத்தனை பெரிய ஆறுதல் என்பதை அங்கே ஒரு காலைப் பொழுதைக் கழித்தவர்களே அறிவார்கள். ஓட்டம் முடிந்தபின் யாரேனும் ஒருவர் வீட்டில் இட்டிலியும் காப்பியும் உண்டு. உண்மையைச் சொன்னால், சிலர் அதற்காகவே ஓட வருகிறார்கள்.

ஓர் ஆண்டு மழை ஓய்ந்த சமயத்தில், எங்களுள் மூத்தவரான 48 வயது நண்பர், அடிவயிற்றின் வலப்பக்கத்தில் எலுமிச்சங்காயளவு ஒரு வீக்கத்தைக் கண்டார். இருமினால் அது புடைக்கும், படுத்தால் மறையும். ஹெர்னியா என்னும் குடலிறக்கம் என்றார் வைத்தியர். ஜனவரியில் அறுவைச் சிகிச்சை என்று நாள் குறிக்கப்பட்டது. ஆனால் டிசம்பரில் நடக்கும் மலைப்பாதை ஓட்டத்திற்கு நாங்கள் ஐவரும் முன்னமே பெயர் கொடுத்திருந்தோம். ஓடலாமா, கூடாதா? அந்தக் கேள்விக்கு விடை தேடியதில் நாங்கள் அறிந்துகொண்டவை, எங்களைப் போல் வெளிமாநிலங்களில் வாழும் நேயர்களுக்கும் பயன்படக்கூடும்.

முதலில் நோயின் இயல்பைப் பார்ப்போம். வயிற்றின் சுவர் தசையாலும் உறுதியான நார்த் தகடுகளாலும் ஆகியது. அடிவயிறும் தொடையும் கூடும் இடத்தில் அச்சுவரிலே இயற்கையாகவே ஒரு வாயில் உண்டு. அவ்வாயில் தளர்ந்துவிட்டால், இருமும்போதும் பளு தூக்கும்போதும் எழும் அழுத்தம், உள்ளிருக்கும் கொழுப்பையோ குடலின் ஒரு மடிப்பையோ அதன் வழியே வெளியே தள்ளுகிறது. ஆண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வாழ்நாளில் என்றேனும் இது நேர்கிறது. எனவே இதில் வெட்கப்படுவதற்கு ஏதுமில்லை. ஆயினும் நம்மவர் இதை மறைத்து வைப்பதில் மிகுந்த சாமர்த்தியம் காட்டுகிறார்கள். வெளிவந்த குடல் திரும்பிச் செல்ல முடியாமல் நெரிந்துவிட்டால்தான் ஆபத்து. வீக்கம் கல்லைப் போல் கெட்டிப்பட்டு, வலியும் வாந்தியும் தோன்றினால், அன்றே, அப்பொழுதே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சிகிச்சையோ இன்று மிகவும் செம்மைப்பட்டிருக்கிறது. 1880-களில் இத்தாலி தேசத்துப் பாஸீனி என்ற வைத்தியர், தளர்ந்த சுவரை அடுக்கடுக்காகத் தைக்கும் முறையை வகுத்தார். இழுத்துத் தைத்த இடம் சிலருக்கு மீண்டும் விட்டுப்போவதுண்டு. ஆகவே இக்காலத்தில் பாலிபுரோப்பிலீன் என்ற செயற்கை இழையால் பின்னிய வலை ஒன்றை அவ்விடத்தில் பதிக்கிறார்கள். உடலின் சதை அந்த வலைக் கண்களுக்குள் வளர்ந்து பற்றிக்கொள்ளச் சில வாரங்கள் செல்லும். பளு தூக்காதே, ஓடாதே என்று வைத்தியர் விதிப்பது அந்த வாரங்களுக்காகத்தான்.

நண்பருக்கு அச்சமூட்டியது கத்தியன்று, இந்த ஓய்வுதான். பத்தாண்டு ஓடிச் சேர்த்ததெல்லாம் ஒன்றரை மாதத்தில் போய்விடுமே என்று அவர் வருந்தினார். அந்த வருத்தத்தில் உண்மை இல்லாமலில்லை. 1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டல்லஸ் நகரில், 20 வயது இளைஞர் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்கச் செய்து ஆராய்ந்தார்கள். கடுமையாக உழைக்கையில் உடல் கொள்ளக்கூடிய பிராணவாயுவின் உச்ச அளவு, நான்கில் ஒரு பங்குக்கும் மேலாகக் குறைந்துபோயிற்று. முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதே ஐவரையும் தேடிப் பிடித்துப் பரிசோதித்தபோது மற்றொரு விந்தை வெளிப்பட்டது. முப்பது ஆண்டு முதுமை விளைத்த குறைவைக் காட்டிலும், அந்த மூன்று வாரப் படுக்கை விளைத்த குறைவே அதிகம்! ஆனால் இதே ஆராய்ச்சியில் ஆறுதலும் இருக்கிறது. படுக்கையிலிருந்து எழுந்து பயிற்சி செய்த இளைஞர்கள் இழந்ததை மீட்டதோடு, அதற்கு மேலும் பெற்றார்கள். குடலிறக்கச் சிகிச்சை செய்துகொண்டவரை இன்று யாரும் படுக்கையில் கிடத்துவதுமில்லை. அன்றே எழுந்து நடக்கச் சொல்கிறார்கள். குதிர் நிறைய நெல்லுடன் கோடையில் புகுந்தவன் கலங்க வேண்டியதில்லை. சிகிச்சைக்கு முன் உடலைப் பேணி வைத்துக்கொள்வதன் பயன் அத்தகையது.

வீக்கத்தை நன்கு சோதித்த வைத்தியர், குறுகிய தூரப் பிரிவில், போட்டியிடாமல் ஓடலாம் என்று அனுமதி தந்தார். முதுகில் சுமை கூடாது. வீக்கம் உள்ளே போகாவிட்டால் ஓட்டத்தை அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். இது எங்கள் நண்பருக்கு, அவருடைய நிலையைக் கண்டு தந்த அனுமதி. வேறொருவருக்கு வேண்டாம் என்றே சொல்லக்கூடும். கேட்டறியாமல் யாரும் துணிந்துவிடலாகாது. பந்தயத்திற்கும் சிகிச்சைக்கும் இடையே நான்கு வாரம் இருந்தது எங்கள் நல்வினை. மலையிறங்கும்போது தொடைத் தசைகள் நீண்டுகொண்டே உடலைத் தாங்குவதால் அவற்றின் நுண்ணிழைகள் சேதமுறுகின்றன; இரண்டு மூன்று நாள் படி இறங்கவே முடியாதபடி வலிக்கும். அந்த நோவுடன் அறுவை மேடையில் ஏறுவது தகாது.

பந்தயம் நடப்பது சிம்மகட், ராஜகட், தோரணா என்ற சிவாஜியின் மூன்று கோட்டைகளைச் சார்ந்த சஹ்யாத்திரி மலைப்பகுதியில். மூன்றையும் இணைக்கும் பெரும் ஓட்டம் 50 கிலோமீட்டருக்கு மேற்பட்டது; அதை நாங்கள் கனவிலும் கருதவில்லை. 11 கிலோமீட்டர்ப் பிரிவே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. டிசம்பர் மாதத்தில் அந்த மலைச்சரிவுகள் காய்ந்த புல்லால் பொன்னிறம் கொண்டிருக்கின்றன. காலடியில் எரிமலைக் குழம்பு இறுகி உண்டான கரும்பாறை. அதன்மேல் சறுக்கிவிடும் சரளைப் பொடி. பாதையோரத்தில் காரவிப் புதர்கள். நம் நீலகிரியில் 12 ஆண்டுக்கு ஒருமுறை மலரும் குறிஞ்சிக்கு இது நெருங்கிய உறவு. இது ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிறது. உறவினர் முகத்தை அயலூரில் கண்டாற்போல் அதைக் கண்டு நாங்கள் சற்று நின்றோம்.

சமதரையில் ஓடுவது வேறு, இங்கே ஓடுவது வேறு. பார்வை பத்தடி முன்னால் செல்ல வேண்டும். இறங்கும்போது அடி சிறிதாக இருக்க வேண்டும். ஏற்றத்தில் நடப்பது இழுக்கன்று. இவையெல்லாம் எங்களுக்குத் தெரிந்தவையே. எனினும் பாதித் தூரத்தில் ஓர் இளைஞன் எங்களைக் கடந்து பாய்ந்து சென்றதைக் கண்டதும், நண்பரின் பழைய இரத்தம் பொங்கிவிட்டது. நாங்கள் கூவியும் கேளாமல் அவன் பின்னே இறக்கத்தில் விரைந்தார். அடுத்த திருப்பத்தில் நாங்கள் சென்றடைந்தபோது, அடிவயிற்றைக் கையால் அழுத்தியபடி ஒரு பாறையில் சாய்ந்து நின்றிருந்தார்.

அவரைத் தட்டையான பாறையில் மல்லாத்திப் படுக்கவைத்து, முழங்கால்களை மடக்கச் செய்தோம். ஐந்து நிமிடம் ஒருவரும் பேசவில்லை. வீக்கம் மெல்ல உள்ளே சென்றது, கடினமில்லை, வலியுமில்லை.

"நீங்கள் நால்வரும் போங்கள். நான் நடந்தே வந்து சேருகிறேன்" என்றார்.

"யாரும் போவதாக இல்லை, அண்ணா" என்றார் எங்களுள் இளையவர்.

"இதுவே என் கடைசிப் பந்தயமாக இருந்தால்?"

அதற்கு எங்களில் எவரிடமும் விடையில்லை. ஐவரும் நடந்தோம். பிற்பாடு ஓடிவந்தவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டு, ஏறக்குறைய எல்லாருக்கும் கடைசியாக எல்லைக்கோட்டைக் கடந்தோம். அங்கே மண் சட்டியில் தயிர் விற்ற மூதாட்டி, நண்பரின் முகவாட்டத்தைக் கண்டு, காசு வாங்காமல் இன்னொரு சட்டி கொடுத்தாள். அதன் பிறகுதான் அவர் சிரித்தார்.

சிகிச்சை நாளில் வேறொரு விஷயம் புலப்பட்டது. நம் ஊரில் ஒருவர் மருத்துவமனையில் படுத்தால், சித்தப்பாவும் மைத்துனரும் தாழ்வாரம் நிறைய வந்து நிற்பார்கள். இங்கே நண்பருக்கு இருந்தது மனைவியும், பள்ளிக்குச் செல்லும் ஒரு பெண்ணுமே. சம்மதப் பத்திரம் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அதை வரிவரியாக அந்த அம்மையாருக்குத் தமிழில் எடுத்துரைத்தவர் எங்கள் ஓட்டக் கூட்டத்தில் ஒருவர். மற்றொருவர் மயக்க மருந்து வைத்தியரிடம், நண்பருடைய நாடி ஓய்வில் நிமிஷத்திற்கு 50-தான் அடிக்கும், அது ஓடுகிறவர்களுக்கு இயல்பு என்று முன்கூட்டியே தெரிவித்தார். தசைநோவுக்காக நண்பர் உட்கொண்டிருந்த வலி மாத்திரைகளின் பெயரையும் எழுதிக் கொடுத்தோம். அவற்றுள் சில இரத்தம் உறைவதைத் தாமதிக்கச் செய்வதால், அதை வைத்தியர் அறிந்திருப்பது அவசியம். இரவுக் காவலுக்கு முறை வைத்துக்கொண்டோம். வெளியூரில் இருப்பவர்கள் இந்த ஏற்பாட்டைச் சிகிச்சைக்கு முந்திய வாரமே பேசி முடித்துவிடுவது நல்லது. அன்றைக்கு யோசிக்க நேரமிராது.

மறுநாளே நண்பர் வீடு திரும்பினார். முதல் வாரம் தெருக்கோடிவரை நடை; பிறகு சிறிது சிறிதாகத் தூரம் கூடியது. ஆறாம் வாரம் வைத்தியர் அனுமதி தந்தபின், ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று தொடங்கினார். மூச்சு விரைவில் திரும்பிவிடும், தசைநாண்கள் பலம்பெறத் தாமதமாகும். மீண்டும் ஓடப் புகுபவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஆகவே கடிகாரத்தை அவர் கையில் கொடுக்காமல் நாங்களே வைத்துக்கொண்டோம்.

சித்திரை பிறந்த அந்த ஞாயிற்றுக்கிழமை வேதாள் டேக்டியின் உச்சிக்கு ஐவரும் ஏறினோம். காப்பி அவர் வீட்டில்.