உறைந்த ஏரியில் தூண்டில்

ஏரி உறைந்து கல்லாகிவிட்டால் அதிலுள்ள மீன் என்ன ஆகும் என்னும் ஐயம் வெப்ப நாட்டில் பிறந்த நம்மில் பலருக்குச் சிறு வயதில் எழுந்திருக்கும். பள்ளிப் பாடத்திலேயே அதற்கு விடை உண்டு. நீர் குளிரக் குளிரச் சுருங்கி, 4 டிகிரி சென்டிகிரேடில் மிகுந்த கனம் பெறுகிறது; அதற்கும் கீழே குளிர்ந்தால் மீண்டும் விரிந்து இலேசாகிறது. ஆகையால் 4 டிகிரி நீர் அடியில் தங்க, அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே நின்று உறைகிறது. மேலே பனிக்கட்டிக் கூரை. கீழே மீன்கள் மந்தமாக, ஆயினும் உயிரோடு உலவி, பசித்தபோது இரை தேடுகின்றன. கூரையில் ஒரு துளையிட்டுத் தூண்டிலை இறக்கினால் மீன் கிடைக்கும். குளிர் நாட்டு மக்கள் இதைப் பன்னெடுங்காலமாக அறிவர்.

பின்லாந்தில் இவ்விதம் சிறு கோலால் பிடிக்கக் கட்டணமோ அனுமதிச் சீட்டோ வேண்டுவதில்லை. அது எல்லாருக்கும் உள்ள உரிமை. ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் விரலளவான வகாசகி மீனைப் பிடித்துப் பனிக்கட்டியின் மேலேயே மாவில் தோய்த்துப் பொரித்து உண்கின்றனர். தென் கொரியாவில் ஹ்வாசியோன் என்னும் மலையூர் 2003ஆம் ஆண்டு முதல் இதை ஒரு திருவிழாவாகவே நடத்தி வருகிறது. வடகிழக்குச் சீனத்தில் சாகான் ஏரியின் மீனவர் தூண்டிலோடு நில்லாமல், பனிக்கட்டிக்கு அடியில் நீண்ட வலையைச் செலுத்திக் குதிரைகளைப் பூட்டிய ராட்டினத்தால் இழுக்கின்றனர். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தாருக்கும் கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தாருக்கும் இது குளிர்காலப் பொழுதுபோக்கு.

கரக்பூரில் சரக்கு அலுவலகத்தில் கணக்கெழுதும் ஒருவனுக்கு இதில் என்ன அக்கறை என்று அன்பர்கள் வினவலாம். நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் இப்போது கனடாவில் இருக்கின்றனர். என் தமக்கையின் மகனும் பாரி என்னும் ஊரில் வேலையில் இருக்கிறான். சென்ற குளிர்காலத்தில் தமக்கை என்னிடம், “தம்பி, அவன் ஏரியின் மேலே கூடாரம் போட்டு உட்கார்ந்து மீன் பிடிக்கிறானாம். சிரித்துக்கொண்டே சொல்கிறான். எனக்குத் தூக்கம் வரவில்லை. நீயாவது விவரமாகக் கேள்” என்றாள். அவனிடம் கேட்டும், அந்நாட்டு அரசாங்கத்தார் வெளியிட்டுள்ள குறிப்புகளைப் படித்தும் நான் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். பிள்ளையைக் குளிர் நாட்டுக்கு அனுப்பிய பெற்றோர் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால், வீண் அச்சம் குறையும். அஞ்ச வேண்டிய இடத்தில் அஞ்சவும் இயலும்.

பாரி நகரம் சிம்கோ ஏரியின் மேற்குக் கரையில் உள்ளது. ஏரி 700 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்புடையது. அதன் தென்கரை டொரான்டோவுக்கு வடக்கே ஏறத்தாழ 40 மைல். தென்கரை ஊர்கள் தங்களைப் பனிக்கட்டி மீன்பிடிப்பின் தலைநகரம் என்றே சொல்லிக்கொள்ளும். டொரான்டோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் தமிழர் பெருந்தொகையாக வாழ்வதால், நம்மவர் இவ்வேரிக்கு வருவதில் வியப்பில்லை.

முதற் கேள்வி பனிக்கட்டியின் கனத்தைப் பற்றியது. பாலத்தின் மேல் எவ்வளவு எடை செல்லலாம் என்பதைப் பொறியாளர் கணக்கிட்டு எழுதி வைத்திருப்பர். எங்கள் வண்டிகள் அதை மீறா. ஏரிக்கு அப்படி எழுதி வைப்பார் இல்லை. போகிறவரே அளந்தறிய வேண்டும். பொதுவாகச் சொல்லப்படும் அளவு இதுவே: கண்ணாடி போல் தெளிந்த, புதிதாக உறைந்த கட்டியாயின் ஓர் ஆள் நடக்க 4 அங்குலம், பனியில் ஓடும் சிறு மோட்டார் வண்டிக்கு 5 முதல் 7 அங்குலம், காருக்கு ஏறத்தாழ ஓர் அடி. வெண்பனி கலந்து வெளுத்துறைந்த கட்டி பாதி வலிமையே உடையதாதலால் அங்கு இந்த அளவுகளை இரட்டிக்க வேண்டும். சாம்பல் நிறமாகத் தோன்றினால் உள்ளே நீர் கலந்திருக்கிறது என்று பொருள்; அதில் கால் வைத்தலாகாது. எக்கனமாயினும் முழுப் பாதுகாப்பு உண்டென்று அந்நாட்டு அதிகாரிகள் எவரும் எழுதிக் கொடுப்பதில்லை.

ஓரிடத்தில் 8 அங்குலம் இருந்தால் எங்கும் அவ்வாறே இருக்கும் என்று எண்ணுதல் தவறு. ஆறு வந்து விழும் வாய், ஊற்றுக் கண், இரு தீவுகளுக்கு இடைப்பட்ட குறுகிய நீர்வழி, படகுத்துறையில் நீர் உறையாதபடி காற்று ஊதும் குழாய் ஆகியவற்றின் அருகில் கட்டி மெலிந்திருக்கும். மேலே கனமாக வெண்பனி பெய்தால் அது போர்வை போல் குளிரைத் தடுப்பதால், கீழே கட்டி தடிப்பது தாமதமாகும். வெண்மையைக் கண்டு கடுங்குளிர் என மகிழ்பவர் இதை அறியார். காற்றாலும் வெப்ப மாற்றத்தாலும் பெரிய ஏரியில் கட்டி பிளந்து விலகுவதும் உண்டு. காலையில் கடந்த பிளவு மாலையில் அகன்றிருக்கும். சிம்கோவில் ஆழம் குறைந்த தென்புறக் குக்ஸ் விரிகுடா முதலில் உறையும். 130 அடிக்கு மேல் ஆழமுள்ள கெம்பன்பெல்ட் விரிகுடா பிந்தி உறையும். “ஏரி உறைந்துவிட்டது” என்று மகன் எழுதினால், “எந்த விரிகுடா, இன்று எத்தனை அங்குலம்?” என்று கேட்க வேண்டும். அண்மைக் காலத்தில் குளிரும் பழைய ஒழுங்கில் வருவதில்லை. 2023–24 குளிர்காலத்தில் வட அமெரிக்கப் பேரேரிகளில் பனிக்கட்டி மிகவும் குறைந்தே காணப்பட்டது.

காஷ்மீரத்தில் பணியாற்றும் நம்மவரும் இதைக் கவனிக்கலாம். 2021 ஜனவரியில் ஸ்ரீநகரின் தால் ஏரி உறைந்தபோது, அதன் மேல் நடக்க வேண்டாமென அதிகாரிகள் எச்சரிக்க நேர்ந்தது.

இனி உபகரணங்கள். முதலில் வாங்க வேண்டியது தூண்டிற்கோல் அன்று. நீண்ட உளி போன்ற ஓர் இரும்புக் கடப்பாரை. அதை ஒவ்வோர் அடிக்கும் முன்னே ஓங்கிக் குத்திக்கொண்டே நடப்பர். ஒரே குத்தில் நீர் பீறிட்டால் வந்த வழியே திரும்புவர். அடுத்து, கழுத்தில் மாலை போல் தொங்கவிடும் இரு முட்பிடிகள். நீரில் விழுந்தவன் ஈரக் கையால் வழுக்கும் கட்டியைப் பற்ற முடியாது. இம்முட்களைக் குத்தித்தான் தன்னை இழுத்துக்கொள்ள வேண்டும். இவற்றின் விலை அற்பம். மருமகன் வாங்கிய பொருள்களில் இதனினும் மேலானது இல்லை என்பது என் எண்ணம். மிதக்கும் உடை, காலணிக்கு அடியில் மாட்டும் முட்பட்டை, கயிறு, ஊதல் ஆகியன பிறகு. உடுப்பில் பருத்தி ஆகாது. நனைந்தால் காயாமல் உடற்சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளியே அடுக்கடுக்காக உடுத்த வேண்டும்.

துளையிட ஆகர் எனப்படும் துரப்பணம் உண்டு. கையால் சுழற்றுவதும் மின்கலத்தால் சுழல்வதும் கிடைக்கின்றன. சிறு மீனுக்கு 6 அங்குல வாயும், பெரிய டிரௌட் மீனுக்கு 8 அங்குல வாயும் போதும். வாய் பெரிதாக்கினால் உழைப்புத்தான் மிகும். துளையில் மிதக்கும் பனித்தூளை அள்ள, நம் வீட்டு ஜல்லிக்கரண்டியைப் போன்றதொரு கரண்டி. தூண்டிற்கோல் 2 அல்லது 3 அடியே நீளம். துளையின் பக்கத்திலேயே அமர்வதால் நீண்ட கோலுக்கு வேலையில்லை. பெர்ச் என்னும் சிறு மீனுக்கு 2 முதல் 4 ராத்தல் தாங்கும் மெல்லிய தங்கூசி நரம்பும், டிரௌட்டுக்கு 8 ராத்தல் நரம்பும் கொள்வர். குளிரில் மீன் மெல்லவே கடிக்குமாதலால், தடித்த நரம்பில் அக்கடி கைக்குத் தெரியாது. உலோகத்தாலான சிறு பொய்யிரையை அடிமட்டத்துக்குச் சற்று மேலே தூக்கித் தூக்கி இறக்குவர். மற்றொரு துளையில், மீன் கடித்ததும் கொடி தானே நிமிரும் பொறியை வைத்துத் தூரத்திலிருந்தே கவனிப்பதும் உண்டு. மீன் எத்தனை அடி ஆழத்தில் நிற்கிறது என்று ஒலியலையால் காட்டும் கருவியும் விற்கிறார்கள். வசதியுள்ளவர் வாங்கட்டும், முதல் ஆண்டிலேயே அதற்குப் பணத்தைக் கொட்டுவது அவசியமன்று.

இடந்தேடுவதில்தான் இக்கலையின் சுவை இருக்கிறது. எங்கள் அலுவலகத்து வங்காள நண்பர் ஒருவர் சிப் பிடிப்பதில் பித்துக் கொண்டவர். பிண்ணாக்கும் மசாலாவும் கலந்த ‘சார்’ உருண்டையைக் குளத்தில் ஓரிடத்தில் இட்டு, மீன் அங்கு வரும்வரை மிதப்பைப் பார்த்தபடி பொழுதெல்லாம் அமர்ந்திருப்பார். பனிக்கட்டியில் மீன் பிடிப்பவர் இதற்கு நேர்மாறு. மீன் வரக் காத்திராமல் மீன் இருக்குமிடத்துக்கு இவர் போக வேண்டும். இதைச் சொன்னபோது நண்பர், “ஒரே நாளில் இருபது துளையா? அது மண்வெட்டி வேலை அல்லவா!” என்று சிரித்தார். உண்மையில் அவ்வளவு துளை போடுவதும் உண்டு. ஒரு துளையில் கால் மணி நேரம் பார்த்து, கடியில்லையேல் அடுத்ததற்குப் போய்விடுவர்.

எங்கே துளையிடுவது? ஏரியின் ஆழத்தைக் கோடுகளாகக் காட்டும் படம் கிடைக்கும். கோடுகள் நெருங்கியிருக்குமிடத்தில் தரை சட்டென்று சரிகிறது. அச்சரிவின் ஓரத்தில் மீன் நடமாடும். நீருக்குள் புதைந்த மேடு, கரையிலிருந்து நீண்டு செல்லும் முனை, பாறை முடிந்து சேறு தொடங்கும் எல்லை ஆகியனவும் நல்ல இடங்கள். குளிர்காலத் தொடக்கத்தில், இன்னும் பசுமை மாறாத நீர்ப்பாசிச் செடிகளின் அருகே ஆழங்குறைந்த இடத்தில் பெர்ச் கூட்டமாக இருக்கும். பசுஞ்செடி பிராணவாயுவைத் தரும். வாடி அழுகிய செடியோ அதை உண்டுவிடும். நடுக்குளிரில் மீன்கள் ஆழத்துக்கு இறங்கும். ஆழமற்ற சிறு ஏரிகளில் கனத்த வெண்பனி ஒளியை மறைத்துவிட்டால், பிராணவாயு குன்றி மீன்கள் மடிவதும் நேரும். பனி உருகத் தொடங்கும் காலத்தில் அவை மீண்டும் கரையோர விரிகுடாக்களுக்கு வரும். மீன் மிகுதியாகக் கிடைப்பதும், கட்டி உளுத்துப் போவதும் அக்காலத்திலேதான். சிம்கோவில் டிரௌட்டும் ஒயிட்பிஷ் என்னும் மீனும் ஆழத்தில் கிடைக்கின்றன. பெர்ச் பகலில் நன்றாகக் கடிக்கும். இருட்டில் அங்கு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை என்று தமக்கைக்கு இதனால் ஓர் ஆறுதல்.

புதிதாகப் போகிறவர் சொந்தமாக எதையும் வாங்காமல், ஏரிக்கரையில் குடிசை வாடகைக்கு விடுவோரிடம் செல்வதே நலம். கட்டியை நாள்தோறும் அளப்பவர் அவர். வண்டியில் ஏற்றிச் சென்று, மீன் கிடைக்குமிடத்தில் துளையும் போட்டுக் கொடுத்து, மாலையில் திரும்ப அழைத்து வருவார்.

கூடாரத்துக்குள் மற்றோர் அபாயம் உண்டு. குளிருக்காகக் கூடாரத்தை இறுக மூடி, உள்ளே எரிவாயு அடுப்பை மூட்டினால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு சேரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலியும் தூக்கமும் வரும். களைப்பு என்று எண்ணிப் படுத்தவர் எழாமலே போவதுண்டு. மேலும் கீழும் காற்று வழி திறந்திருக்க வேண்டும். அவ்வாயுவைக் கண்டு ஒலியெழுப்பும் மின்கலக் கருவி ஒன்றும் வேண்டும். நம் பிள்ளையிடம் அக்கருவி இல்லை என்று தெரிந்து, பிறந்தநாள் பரிசாகத் தமக்கை பணம் அனுப்பினாள். “இதை வாங்கிப் படம் எடுத்து அனுப்பு” என்பது அவள் கட்டளை. அனுப்பினான்.

விழுந்தவர் செய்ய வேண்டியதையும் கூறவேண்டும். கனடாவில் மானிடோபா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் கடுங்குளிர் நீரில் மனித உடல் படும் பாட்டை ஆராய்ந்தவர். அவர் தரும் கணக்கு 1, 10, 1 என்பது. முதல் 1 நிமிடம் மூச்சு திணறும். அதை அடக்கினாற் போதும். அடுத்த 10 நிமிடம் கைகால் சொன்னபடி கேட்கும். ஏறி வர முயல வேண்டிய நேரம் அது. குளிரால் நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம் ஆகும். விழுந்தவுடன் செத்தோம் என்று கைவிடுவதற்குக் காரணமில்லை. வந்த திசைக்கே திரும்பி, கால்களை உதைத்து உடலை மிதக்கவிட்டு, முட்பிடிகளால் குத்தி ஏறி, எழுந்து நில்லாமல் உருண்டே கரைப்பக்கம் செல்ல வேண்டும். தனியே போகாதிருப்பதும், எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிப் போவதும் முன்னேற்பாடுகள்.

ஒன்டாரியோவில் 18 முதல் 64 வயது வரை உள்ளவர் மீன்பிடி உரிமம் பெறல் வேண்டும். தூண்டிலை இறக்கிவிட்டுக் கடைத்தெருவுக்குப் போகவும் முடியாது. 60 மீட்டருக்குள் இருந்து கண்காணிக்க வேண்டும் என்பது விதி. மிஞ்சிய உயிர்மீன் இரையை ஏரியில் விடுதலும் குற்றமாகும். வேற்று மீனும் நோயும் பரவும் என்பது காரணம்.

பிடித்த மீனைச் சமைப்பது பற்றி ஒரு வார்த்தை. மரக்கறி உண்ணும் அன்பர்கள் பொறுத்தருள்க. பெர்ச் சிறிய மீனாயினும் வெண்ணிறச் சதையுள்ளது; புளிக்குழம்புக்கு ஏற்றது என்று மருமகன் சொல்கிறான், பொரித்தால் இன்னும் நன்று என்பது அவனுடன் தங்கியிருக்கும் யாழ்ப்பாணத்து நண்பனின் கட்சி. எந்த ஏரியில் எந்த மீனை மாதத்துக்கு எத்தனை முறை உண்ணலாம் என்று ஒன்டாரியோ அரசாங்கம் ஒரு வழிகாட்டி வெளியிடுகிறது. பாதரசம் முதலியன வயது முதிர்ந்த பெரிய மீனில் மிகுதியாகச் சேருமாதலால், கர்ப்பிணிகளுக்கும் சிறுவர்களுக்கும் அதில் தனி அளவு தரப்பட்டிருக்கிறது. பெரிய டிரௌட் கிடைத்த மகிழ்ச்சியில் குழந்தையுள்ள வீட்டுக்கு அதைக் கொடுத்தனுப்புமுன் அந்த அட்டவணையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.