பாறை வழியே இறங்கும் நைட்ரேட்

புது தில்லி கோல் மார்க்கெட்டுக்கு மேற்கே எழும் குன்றுத்தொடர் குவார்ட்சைட் என்னும் கடும்பாறையாலானது. நகரின் வண்டல் மண்ணுக்கு அடியிலும் அப்பாறையே பரந்துள்ளது. பாறை நீரை உறிஞ்சாது. அதன் வெடிப்புக்களிலேதான் நீர் தங்கும்.

கழிவுநீர்க் கசிவிலுள்ள அம்மோனியாவை மேல்மண்ணின் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. களிமண் துகள்கள் எதிர்மின்னேற்றம் உடையவை, நைட்ரேட்டும் அத்தகையதே. ஆகவே மண் அதைப் பற்றி வைப்பதில்லை; மழைநீரோடு கீழே விட்டுவிடுகிறது. மண்ணில் மெல்ல இறங்கிய நீர், வெடிப்பை அடைந்ததும் விரைகிறது. பிராணவாயு அற்ற இடமாயின் வேறு சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி அகற்றிவிடும். காற்றோட்டமுள்ள வெடிப்பில் அந்த உதவி கிட்டாது.

குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமே இந்தியத் தரநிர்ணய எல்லை. தில்லியின் பல கிணறுகள் இதனை மீறியுள்ளன. கிணற்று நீரில் கலந்த பாலைப் பருகிய சிசுக்கள் நீலம் பாரிப்பதற்கு இதுவே காரணமென 1945இல் அமெரிக்க மருத்துவர் காம்லி விளக்கினார். நீரைக் காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட்டோ, நீர் ஆவியாக ஆவியாக, மேலும் செறிவுறும்.