சிறுநீரகச் சத்திரசிகிச்சையும் யந்திரக் கையின் விலையும்

நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என மருத்துவத்தை நால்வகைப்படுத்துகின்றது திருக்குறள். இக்காலத்து ஆஸ்பத்திரிகளிலோ கருவியும் அதன் விலையும் ஐந்தாவதாக வந்து சேர்ந்துள்ளன. சிறுநீரகச் சத்திரசிகிச்சைக்கு ரோபோ என்னும் யந்திரத்தைக் கையாளுதல், ஆகும் செலவிற்கு ஏற்ற பயனைத் தருமோ என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

ஒரு சிறுநீரகத்தைத் திட்டமிட்டு அகற்றி நோயாளியைப் பிழைப்பித்த முதல் வைத்தியர், ஜெர்மனி தேசத்து ஹைடெல்பர்க் நகரத்துக் குஸ்தாவ் ஸீமோன் ஆவர். அஃது 1869-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. மற்றொரு சிறுநீரகத்தைக் கொண்டே உயிர் வாழ இயலும் என்பதை அவர் முன்னரே நாய்களிடத்துச் சோதித்தறிந்தார். அன்றுதொட்டு நூற்றிருபது ஆண்டுகள் விலாப்புறத்தையோ வயிற்றையோ நீளக் கீறித் திறத்தலே வழியாயிருந்தது. 1990-இல் அமெரிக்காவில் ரால்ஃப் கிளேமன் என்பார், சிறு துளைகளின் வழியே குழலும் கருவிகளும் செலுத்தி ஒரு சிறுநீரகத்தை அகற்றினார். இதுவே லேப்ராஸ்கோப்பி முறை. 2000-இல் டா வின்சி என்னும் ரோபோ யந்திரத்திற்கு அந்நாட்டு அரசாங்கம் அனுமதி அளித்தது.

இவ்யந்திரம் தானே எதனையும் செய்வதன்று. வைத்தியர் சற்று அப்பால் அமர்ந்து, உடலின் உட்புறத்தைப் பெருக்கிக் காட்டும் கண்ணாடியில் நோக்கித் தம் விரல்களை அசைப்பர்; அவ்வசைவுகளை மெல்லிய கருவிகள் உள்ளே அவ்வாறே செய்யும். திறந்து செய்யும் சிகிச்சையினும் இம்முறையில் இரத்தச்சேதமும் நோவும் குறைவு. நோயாளி விரைவில் வீடு திரும்புவர். புற்றைத் தீர்ப்பதில் இரண்டும் ஏறக்குறைய ஒத்தனவே.

நிற்க. செலவு யாது? யந்திரத்தின் விலை 10 லட்சம் முதல் 25 லட்சம் டாலர் வரை என்று 2010-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் எழுதிற்று. ஆண்டுதோறும் பராமரிப்புக்குத் தனிப்பணம் வேண்டும். கருவிகளையும் குறித்த தடவைக்குமேல் பயன்படுத்தலாகாது. எனவே, எத்தனை பேருக்குப் பயன்படுகின்றது என்பதே முதன்மையான வினா. யந்திரத்தின் விலை 14 லட்சம் டாலர், அஃது உழைப்பது 7 ஆண்டு, பராமரிப்பு ஆண்டுக்கு 1 லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுச் செலவு 3 லட்சமாகும். ஆண்டில் 300 பேருக்குப் பயன்படின் தலைக்கு 1,000 டாலர். 60 பேருக்கே பயன்படின் 5,000 டாலர்.

சிகிச்சையின் வகையையும் நோக்கல் வேண்டும். அமெரிக்காவில் 2003 முதல் 2015 வரை சிறுநீரகம் முழுதும் அகற்றப்பெற்ற 23,753 பேரின் கணக்கு 2017-இல் வெளியாயிற்று. அதில் ரோபோ முறையும் எளிய லேப்ராஸ்கோப்பி முறையும் ஒப்பிடப்பட்டன. பெருந்தீங்குகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. ரோபோ முறைக்கோ சுமார் 2,700 டாலர் மிகுதியாயிற்று. ஆகவே அவ்வகைக்கு யந்திரம் வேண்டற்பாலதன்று. சிறிய கட்டியை மட்டும் அறுத்தெடுத்து எஞ்சிய சிறுநீரகத்தைக் காக்கும் சிகிச்சையோ வேறு. அங்கே இரத்தக்குழாயைப் பிடித்து நிறுத்திய சில நிமிடங்களுக்குள் தையல் முடிதல் வேண்டும். மணிக்கட்டுப்போல் வளையும் கருவி பேருதவியாகும். அதனைத் திறந்து செய்வதோடு ஒப்பிடுமிடத்து, குறையும் படுக்கை நாட்களே யந்திரச் செலவில் ஒரு பங்கை ஈடுசெய்யும்.

அவ்வீடும் எங்கும் ஒரே தன்மைத்தன்று. ஆஸ்பத்திரியில் ஒருநாள் தங்குதற்குப் பெரும்பொருள் ஆகும் நாட்டில் மிச்சம் மிகுதி. அச்செலவு சிறிதாகிய நாட்டில் மிச்சமும் சிறிதே. மேலும், அன்றாடம் கூலி பெற்று உண்போன் விரைவில் எழுந்து வேலைக்குச் செல்வானாயின் அவன் குடும்பம் அடையும் நன்மை ஆஸ்பத்திரிக் கணக்கேட்டில் ஏறுவதில்லை. அவ்வாறே, அவன் தன் கையிலிருந்தே சிகிச்சைக்குப் பணங்கொடுக்க நேரின், அக்கடனும் அவ்வேட்டில் ஏறுவதில்லை.

ஆதலின் யந்திரம் நன்றோ தீதோ எனப் பொதுப்படக் கூறுதல் பொருந்தாது. எந்தச் சிகிச்சைக்கு, ஆண்டில் எத்தனை பேருக்கு, யாருடைய பொருளில் என்னும் மூன்றையும் ஆராய்ந்தே அதனை வாங்குதல் தக்கது. திறந்து செய்யும் முறையில் கைதேர்ந்த வைத்தியரை உடைய சிற்றூர் ஆஸ்பத்திரி, யந்திரம் இல்லாமை பற்றி நாணவேண்டுவதில்லை என்பதே எம் துணிபு.