தங்கவயலில் சுற்றுலாத் தொழில்: வாய்ப்புகளும் நிபந்தனைகளும்

சவூதி அரேபியத் தலைநகரான ரியாத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோ மீட்டர் தொலைவில், பாலைவனத்தின் செங்குத்துப் பாறைகளை ஒட்டி, கித்தியா என்னும் மாபெரும் கேளிக்கை நகரம் உருவாக்கப்பட்டு வருகிறது. 2017ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டு, 2018இல் அடிக்கல் நாட்டப்பட்ட இத்திட்டத்தின் பரப்பு 300 சதுர கிலோ மீட்டருக்கும் அதிகம். திட்டம் தொடங்கும்போது அங்கே மணலும் பாறையும் தவிர வேறெதுவும் இல்லை. ரியாத் நகரம் குடிக்கும் நீரே வளைகுடாக் கரையில் கடல்நீரை நன்னீராக்கி, பல நூறு கிலோ மீட்டர் குழாய் வழியே கொண்டுவரப்படுவதாகும். மூலதனம், இயந்திரம், தொழிலாளர், பார்வையாளர் அனைத்தும் வெளியிலிருந்தே வரவேண்டும். எண்ணெய் வருவாய் உள்ள நாட்டுக்கு இது இயலும்.

இத்தகைய பெருந்திட்டங்களின் செய்தி வரும்போதெல்லாம், கைவிடப்பட்ட நிலம் நிறைய உள்ள நம் நாட்டிலும் அவ்வாறு செய்யலாகாதா என்னும் கேள்வி எழுகிறது. கர்நாடகத்தின் கோலார் தங்கவயல் அக்கேள்விக்கு உகந்த இடம். வறண்ட நிலத்தில் வெளியிலிருந்து எல்லாவற்றையும் கொணர்ந்து ஒரு நகரத்தை எழுப்புவதை இந்த ஊர் நூறாண்டுகளுக்கு முன்பே கண்டிருக்கிறது. அந்நகரத்தின் தொழில் முடிந்தபின் என்ன நேரும் என்பதையும் கண்டிருக்கிறது.

1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் ஆங்கிலேய நிறுவனம் இங்கே சுரங்கத் தொழிலைத் தொடங்கியது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வந்து குடியேறின. பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குழாய் மூலம் நீர் வந்தது. காவிரியின் சிவசமுத்திர அருவியில் உற்பத்தியான மின்சாரம், 90 மைலுக்கும் அதிகமான தொலைவைக் கம்பி வழியே கடந்து 1902இல் சுரங்கங்களை வந்தடைந்தது. பெங்களூரின் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்றாண்டுகளுக்குப் பின்னரே. தங்கம் தரும் வருவாய் இவை அனைத்தின் செலவையும் தாங்கிற்று.

தொடக்க காலத்தில் ஒரு டன் தாதுவில் 40 கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம், இறுதிக் காலத்தில் மூன்று நான்கு கிராமாகக் குறைந்தது. ஆழமோ மூன்று கிலோ மீட்டரைத் தாண்டியது. பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசுக்கு மேல் சென்றது. பாறை வெடிப்புகள் உயிர்களைப் பலி கொண்டன. 1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் பொறுப்பேற்றன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் அமைந்தது. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன் அளவு தங்கத்தைத் தந்தபின், 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அப்போது வேலையிழந்தோர் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர். ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் எனப் பரந்த ஊர் மட்டும் அப்படியே இருந்தது. ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் வாழும் இந்நகரத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூர் சென்று, இரவில் திரும்புகின்றனர்.

கித்தியாவுக்கும் தங்கவயலுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே. அங்கே கேளிக்கைக்காக நகரம் கட்டப்படுகிறது. இங்கே நகரம் இருக்கிறது, தொழில் இல்லை. ஆகவே இங்கு அமையும் எந்தச் சுற்றுலாத் திட்டத்தையும், எத்தனை பேர் வந்தனர் என்பதைக் கொண்டு மதிப்பிட இயலாது. வந்தவர் செலவழித்த பணத்தில் எவ்வளவு ஊரில் தங்கிற்று, எத்தனை பேருக்கு அந்த விடியற்காலை ரயில் தேவையற்றுப் போயிற்று என்பவையே உரிய அளவுகோல்கள். பார்வையாளர் வருவது ஒன்றே போதாது என்பதற்குச் சான்று அருகிலேயே உள்ளது. தங்கவயலுக்குச் சில கிலோ மீட்டர் தொலைவிலுள்ள கம்மசந்திரா கோடிலிங்கேசுவரர் கோயிலுக்குப் பெருந்திரளான மக்கள் வருகின்றனர். தரிசனம் முடிந்ததும் வந்த பேருந்திலேயே திரும்பிவிடுகின்றனர்.

பிற நாடுகளின் அனுபவம்

மூடிய சுரங்கம் சுற்றுலாத் தலமாவது புதிதன்று. போலந்தின் வியலிச்கா உப்புச் சுரங்கம் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஈர்க்கிறது. ஆஸ்திரேலியாவின் பல்லாரட் நகரில், தங்க வேட்டைக் கால ஊர் ஒன்றை மீண்டும் எழுப்பி, 1970 முதல் காட்டி வருகின்றனர். வேல்ஸ் நாட்டின் 'பிக் பிட்' நிலக்கரிச் சுரங்கம் 1980இல் மூடப்பட்டு, மூன்றே ஆண்டுகளில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அங்கே பழைய சுரங்கத் தொழிலாளர்களே வழிகாட்டிகளாக அமர்த்தப்பட்டனர்.

தங்கவயலுக்கு மிக நெருங்கிய எடுத்துக்காட்டு தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரிலுள்ள 'கோல்டு ரீஃப் சிட்டி'. மூடப்பட்ட கிரவுன் தங்கச் சுரங்கத்தின் 14ஆம் குழியைச் சுற்றி 1980களில் அமைக்கப்பட்ட கேளிக்கைப் பூங்கா அது. அதிலிருந்து இரு பாடங்கள் கிடைக்கின்றன. முதலாவது நீர் பற்றியது. தொடக்கத்தில் பார்வையாளர்கள் 200 மீட்டருக்குக் கீழே வரை இறக்கப்பட்டனர். சுற்றுவட்டாரச் சுரங்கங்களில் நீரிறைப்பு நின்று, அமிலம் கலந்த நீர் மேலேறியதால், பின்னர் குறைந்த ஆழத்துடன் நிறுத்திக்கொள்ள நேர்ந்தது. தங்கவயலிலும் மூடலுக்குப் பின் குழிகளில் நீர் நிறைந்துவிட்டது. மூன்று கிலோ மீட்டர் ஆழத்தைக் காட்டுவதாக விளம்பரம் செய்வோர் இதனை மறந்துவிடலாகாது. மேல்மட்டத்துப் பழைய குடைவு ஒன்றைப் பொறியியல் ஆய்வுக்குப் பின் பாதுகாப்பாக்கித் திறப்பதே நடைமுறைக்கு உகந்தது.

இரண்டாவது பாடம் உரிமம் பற்றியது. அப்பூங்காவை ஒட்டிச் சூதாட்ட விடுதி நடத்த உரிமம் கோரியவர்கள், பொதுப்பயன் உள்ள ஒன்றையும் அமைத்துத் தர உறுதியளிக்க வேண்டியிருந்தது. அவ்வாறு எழுந்ததே, 2001இல் திறக்கப்பட்ட இனஒதுக்கல் அருங்காட்சியகம். அந்நாட்டுக்கு வருவோர் தவறாமல் காணும் இடங்களுள் ஒன்றாக அது இன்று விளங்குகிறது. தனியார் மூலதனத்தின் மீது நிபந்தனை விதிப்பதற்கு உரிய நேரம், நிலத்தையும் உரிமத்தையும் வழங்கும் நேரமே. பின்னர் கேட்டுப் பெறுவது அரிது.

முதலில் செய்ய வேண்டுவன

தங்கவயலுக்கும் சொந்தமாக ஒரு பாலைவனம் உண்டு. தாதுவை அரைத்து, சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவு மண் 13 மேடுகளாகக் குவிந்து கிடக்கிறது. 'சயனைடு மலை' என்று மக்கள் அழைக்கும் இம்மேடுகளின் அளவு மூன்று கோடி டன்னுக்கும் அதிகம். 2018இல் வெளியான 'கே.ஜி.எஃப்' திரைப்படத்தின் காட்சிகள் இங்கே படமாக்கப்பட்ட பின், இவற்றைக் காணவென்றே வெளியூரார் வரத் தொடங்கினர். காற்று வீசும் மாதங்களில் இந்த மண்தூசி வீடுகளுக்குள்ளும் கிணறுகளின் மீதும் படிகிறது. புகைப்படம் எடுப்பவருக்கு அது காட்சி. லைன் வீடுகளில் குழந்தை வளர்ப்பவருக்கு அது இருமல்.

இம்மேடுகளில் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவான தங்கம் எஞ்சியுள்ளது. இன்றைய விலையில் அதனையும் பிரித்தெடுப்பது இலாபகரமாகலாம். சுமார் 1,000 ஏக்கரில் பரந்துள்ள இவற்றைத் தோண்டும் மத்திய அரசின் முன்மொழிவுக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. இப்பணி நடைபெறும் ஆண்டுகளில் அதே இடத்தில் கேளிக்கைப் பூங்காவும் நடத்த இயலாது என்பது வெளிப்படை. மறுபதனம் முடிந்து, எஞ்சும் மண் மூடப்பட்டு, அதன்மேல் செடி வேரூன்றிய பிறகே அந்நிலத்தில் மக்களை உலவவிட முடியும். அதற்கு முன் பூங்காவைத் திறப்பது, உடல்நலச் செலவை ஊராரின் கணக்கில் எழுதுவதாகும்.

லைன் வீடுகளின் உரிமைப் பத்திரமும் இதனுடன் பிணைந்தது. மூன்று நான்கு தலைமுறையாக வாழ்ந்தும் வீடு தம் பெயரில் இல்லாதவர், அதன் ஒரு பகுதியை விருந்தினர் அறையாகவோ உணவுச் சாலையாகவோ மாற்ற வங்கிக் கடன் பெறுவது எங்ஙனம்? பத்திரம் வழங்கப்படுமுன் நிலமதிப்பு உயர்ந்தால், பயன் வெளியாருக்கே சேரும். வெளியேற்றப்படும் அச்சம் மட்டும் குடியிருப்போருக்கு மிஞ்சும்.

காத்திருக்க இயலாத பணி ஒன்றும் உண்டு. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில் 1965இல் அண்டக்கதிர்களால் தோன்றும் நியூட்ரினோக்கள் கண்டறியப்பட்டன. பின்னர் புரோட்டான் சிதைவைத் தேடும் ஆய்வும் இங்கே நடந்தது. அந்த ஆய்வுக் கருவிகளைக் கீழே இறக்க உதவியவர்களும், துளையிட்டவர்களும், இரும்புக் கூண்டில் இறங்கி ஏறியவர்களும் இன்னும் இந்த ஊரில் வாழ்கின்றனர். 2001இல் 30 வயதினராக இருந்த தொழிலாளி இன்று 55ஐ எட்டிவிட்டார். மூத்தவர்கள் பலர் மறைந்துவிட்டனர். பூங்காவுக்கு மூலதனம் திரட்டப் பத்தாண்டு ஆகலாம். இவர்களுடைய சொற்களைப் பதிவு செய்யவும், இவர்களைக் கொண்டு இளைஞர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சி அளிக்கவும், எஞ்சியுள்ள சுரங்க வாய்க் கோபுரங்களையும் இயந்திரக் கூடங்களையும் பழைய இரும்பாக விற்காமல் பட்டியலிடவும் தேவைப்படுவது சிறு தொகையே. அதற்கு முதலீட்டாளர் எவரும் வரவேண்டியதில்லை. மறுபதன உரிமத்தின் நிபந்தனைகளுள் ஒன்றாகவே இச்செலவைச் சேர்த்துவிடலாம்.